ஒரு சோறு

சஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கார்க் கதவு திறக்க மறுத்து
பிறகு பல் உடைகிற சத்தத்தோடு திறந்தது.
ஆய்வுகூடத்துக்குள் எப்போதும் இருபத்திரண்டு.
வெள்ளை அங்கி, நீலக் கையுறை.
கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு.
பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலும்
கடைசி இலக்கம் நடுங்கும்.

மாதிரி 4417.
தேன் நிறம், தேனைவிடச் சோம்பல்.
ஒரு கொட்டகை நிறையக் கஞ்சாச் செடி
வடிந்து வற்றி
உள்ளங்கைக் குப்பிக்குள் வந்திருக்கிறது.
ஒரு முழுக் கோடையைத் திணித்து
மூடி திருகியிருக்கிறார்கள்.

சுகிர்தமலர் என்று வந்து இறங்கியவளை
இங்கே சுகி என்று வற்றவைத்ததும் இப்படித்தான்.
வீரியம் கூடியதா, தெரியாது.
கூப்பிட்டால் சட்டென்று திரும்புகிறேன்.

லேபிளில் எண்பத்தொரு சதவீதம்.
மேலாக வழித்தெடுத்தேன்: அறுபத்தெட்டு.
நடுவில்: எழுபத்து நான்கு.
அடியில் கற்கண்டாய் உறைந்து கிடந்ததைச்
சுரண்டிப் பார்த்தேன்:
எண்பத்து மூன்று.
கருவியில் பிழையில்லை,
நேற்றுத்தான் சரிபார்த்தேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்
என்று சொன்னவர் யாராயிருந்தாலும்
அவர் பானையை
யாரோ ஒழுங்காகக் கிளறியிருக்கிறார்கள்.

பதினொன்றரைக்குக் கர்ட்டிஸ் அழைத்தான்.
விற்பனைப் பிரிவு. புது மாப்பிள்ளை மாதிரி
மரியாதையான குரல்.
"கொஞ்சம் ஆழத்திலிருந்து எடுத்துப் பாரேன், சுகி.
எண்பதுக்குக் கீழே போனால்
கடையில் கால் படுகிற தட்டில் வைப்பார்கள்.
வேறு லேப்களும் இருக்கின்றன, தெரியும்தானே?"
தெரியும்.
எல்லாப் பிள்ளைகளும் முதலாம் பிள்ளையாய் வருகிற
பள்ளிக்கூடங்கள் எந்தத் தொழிலிலும் உண்டு.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
வெண்டெல் ஓக்ரைனெட்ஸ்.
முப்பது வருடம் ரயில் பெட்டிகளில்
கோதுமை ஏற்றிய முதுகு.
இரவில் ஓர் அரிசியளவு எடுப்பார்,
விடியும்வரை முதுகு அவரை மறந்திருக்கும்.
போன கிழமை புதுக் குப்பி.
அதே பெயர், அதே எண்பத்தொன்று,
அதே அரிசியளவு.
நான்கு மணி நேரம் சமையலறைத் தரையில்
ஃப்ரிட்ஜின் காலைப் பிடித்தபடி கிடந்தாராம்.
கடிகாரம் ஒரே நிமிடத்தை
மாடுபோல் அசைபோட்டுக்கொண்டிருந்ததாம்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
கோப்பையைப் பிடித்த கை சிரிக்கவில்லை.

லிஃப்டில் கேட்டார்,
"நீ அங்கேதானே வேலை, சொல்லு,
அந்த எண் எதனுடைய எண்?"
மூன்று, இரண்டு, ஒன்று என்று
கதவுக்கு மேலே எரிந்தவற்றைப் பார்த்துக்கொண்டே
கீழே வந்து சேர்ந்தேன்.
பதில் சொல்லவில்லை.

அறிக்கையில் ஒரே ஒரு கட்டம்.
மூன்று எண்களையும் எழுதினேன்,
திரை சிவந்தது.
கூட்டி மூன்றால் வகுத்தால் எழுபத்தைந்து.
பச்சை.
குப்பியில் நான் தொட்ட எந்த இடத்திலும்
இல்லாத எண்.
குறிப்புப் பகுதியில்,
யாரும் படிக்காத பகுதியில்,
'இந்தக் குப்பி ஒன்றல்ல, மூன்று' என்று தட்டினேன்.
அழிக்கவில்லை.
அனுப்பவும் இல்லை, இன்னும்.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு
செய்யக் கூடாததைச் செய்தேன்.
என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து
மூன்று பருக்கைகளை
இடுக்கியால் எடுத்துவந்து
ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் வைத்தேன்.
கதவடைத்து மூச்சைப் பிடித்தேன்.

நாற்பத்தேழு மில்லிகிராம்.
அறுபத்தொன்று.
ஐம்பத்திரண்டு.

தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.
மூன்றும் காலையில்
ஒரே பானையில் வெந்தவை.
நானே கிளறியது.